பீரில் கெட்ட வாடை: எனக்குச் சந்தேகம் வெயில் மேல்தான்

வணக்கம் நண்பரே. பச்சை பாட்டில் பீரை வேளச்சேரி வீட்டில் மதியம் முழுக்க ஜன்னலோரம் வைத்திருந்து, மாலையில் குளிரவைத்துத் திறந்தால் பூண்டு அழுகின மாதிரி வாடை, நுரையும் நிற்கவில்லை, போலிச் சரக்கா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம்ம ஊர் வெயில் செய்த வேலை அது.

பீரின் கசப்பு ஹாப்ஸ் பூவிலிருந்து வருவது. மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாறு கொதிக்கும்போதே அதைப் போடுவார்கள். அந்தக் கசப்புப் பொருள் மேல் வெளிச்சம் பட்டால் உடைந்து, கந்தகம் சேர்ந்த ஒரு சேர்மம் உண்டாகும். துளியூண்டு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். நேர் வெயிலில் சில நிமிடமே போதும். பழுப்பு பாட்டில் வெளிச்சத்தை நன்றாகத் தடுக்கும், பச்சை அவ்வளவாகத் தடுக்காது. கேனுக்கு இந்தத் தொல்லையே இல்லை. வந்த வாடை ஃப்ரிட்ஜில் வைத்தாலும் போகாது, கொட்டிவிடுங்கள்.

நுரை போனது வேறு கதை. டம்ளரைப் பாருங்கள். பீர் ஊற்றியதும் உள்சுவரில் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது என்று அர்த்தம். நன்றாகத் தேய்த்து, சோப்பு போகும்வரை அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுங்கள். மிக்சர் தின்ற உதடு பட்டாலும் நுரை அடங்கும்!

அப்புறம், சீக்கிரம் குளிரட்டும் என்று ஃப்ரீசரில் வைத்து மறந்துவிடாதீர்கள், பாட்டில் வெடிக்கும். லாகர் வகை பீருக்கு 5 முதல் 7 டிகிரி செல்சியஸ் போதும். டம்ளரைச் சாய்த்து ஊற்ற ஆரம்பித்து, பாதியில் நிமிர்த்துங்கள். இரண்டு விரல் நுரை நிற்க வேண்டும், வாசனையே அதில்தான் வரும்.