கூரை வேலையும் நுரையீரலும்

கேள்வி: என் அப்பா திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரத்தில் முப்பது ஆண்டுகள் கூரை போடும் வேலை செய்தவர். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுகளை மிஷினில் அறுத்து, துளையிட்டு மாட்டுவார். இப்போது மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. வறட்டு இருமலும் விடவில்லை. சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்துவிட்டது. பழைய தூசிதான் காரணமா? எங்கள் வீட்டுக் கூரையும் அதே சீட்டுதான், மாற்ற வேண்டுமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது என்றாலும், உங்கள் ஐயம் நியாயமானது. ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரின் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் மூச்சுடன் நுரையீரலின் அடியாழம் வரை சென்று தங்கிவிடுகின்றன. அவற்றை விழுங்கிச் செரிக்க முயலும் உடலின் காவல் செல்கள் தோற்றுப்போவதால் அழற்சி நீடித்து, மென்மையான திசு தழும்பேறி விறைத்துப்போகிறது. பிராணவாயு இரத்தத்தில் கலப்பதும் குறைகிறது. இதுவே ஆஸ்பெஸ்டோசிஸ். பெரும்பாலும் இருபது ஆண்டுகளோ அதற்கும் மேலோ கழித்துத்தான் இது தெரியவரும் என்பதால், வேலையை விட்டு நெடுநாள் ஆனவர்களுக்கும் வரலாம்.

1995-இல் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைகள் தங்கள் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டைக் குறைந்தது 40 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஊர் ஊராகப் போய்க் கூரை போட்டவருக்கு எந்தப் பதிவேடும் இல்லை என்பது எனக்குப் பெரும் வருத்தம். ஆகவே எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்ன வேலை செய்தார் என்பதை நீங்களே ஒரு தாளில் எழுதி, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் கொடுங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் தொடக்க நிலைத் தழும்பு தெரியாமல் போகலாம் என்பதால், சி.டி. ஸ்கேனும் மூச்சுத்திறன் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள்.

தழும்பை அழிக்கும் மருந்து இல்லை. எனினும் மேற்கொண்டு தூசி படாமல் காப்பதும், ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளும், தேவைப்பட்டால் பிராணவாயுவும் உதவும். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். புகையும் கல்நாரும் சேரும்போது நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பு பன்மடங்காகிறது. நெஞ்சுவலி, எடைக்குறைவு, சளியில் இரத்தம் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதிக்கலாகாது.

வீட்டுக் கூரை உடையாமல் இருந்தால் இழைகள் சிமென்ட்டோடு பிணைந்தே இருக்கும். பதறி உடைத்து அகற்றுவதுதான் ஆபத்து. துளையிடுவதையும் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதையும் தவிருங்கள். விரிசல் கண்ட சீட்டை நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக் உறையில் சுற்றுங்கள். உதிர்ந்ததை உலர்ந்த நிலையில் கூட்டாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அப்பாவின் வேலைத் துணிகளை உதறித் துவைத்தவர் உங்கள் அம்மா என்றால், அவருக்கும் அந்தத் தூசி சேர்ந்திருக்கக்கூடும். அவரையும் உடன் அழைத்துச் சென்று பரிசோதியுங்கள்.