அமெரிக்காவில் தள்ளுபடியான கிரிமினல் கேஸ் பேக்ரவுண்ட் செக்கில் வந்தால் அப்பார்ட்மென்ட் வாடகைக்குக் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் கோர்ட் கேஸை முடித்துவிட்டது என்பதால் ரிப்போர்ட்டும் சரியாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள்.

வாடகைதாரரைச் சரிபார்க்கும் ஸ்கிரீனிங் கம்பெனிகள் கோர்ட் பதிவுகளை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கின்றன. கேஸ் பதிவானபோது ஏறிய வரி அப்படியே கிடக்கும். ஆறு மாதம் கழித்துத் தள்ளுபடியான சேதி அங்கே போய்ச் சேராமலே போகலாம். லீசிங் ஆபீசில் இருப்பவர் பார்ப்பது இவ்வளவுதான்: குற்றச்சாட்டின் பெயர், தேதி, முடிவு என்ற இடத்தில் வெறும் கோடு. பல பெரிய வளாகங்களில் அதைக்கூட அவர் பார்ப்பதில்லை, மென்பொருளே 'டிக்ளைன்' என்று சொல்லிவிடும். ஒரே சம்பவத்துக்கு மூன்று பிரிவு போட்டிருந்தால் மூன்று கேஸ் மாதிரி தெரிவதும் உண்டு. அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்திருக்கும் நம்மவர்களுக்குக் கூடுதல் தலைவலி. பெயர் முன்பின்னாக ஏறி, வேறொருவர் கேஸ் நம் கணக்கில் வந்து உட்காரலாம்.

அதனால் அப்ளிகேஷன் ஃபீஸ் கட்டுவதற்கு முன்பே காகிதம் கையில் இருக்கவேண்டும். கேஸ் நடந்த கோர்ட்டின் கிளர்க் ஆபீசில் முத்திரை வைத்த 'சர்ட்டிஃபைடு டிஸ்பொசிஷன்' (கேஸ் எப்படி முடிந்தது என்ற கோர்ட் சான்று) கேட்டு வாங்குங்கள். கேஸ் எண், எல்லாப் பிரிவுகளும், ஒவ்வொன்றும் எப்படி முடிந்தது, முடிந்த தேதி எல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பிரிவு தள்ளுபடியாகி, இன்னொன்றில் சின்னக் குற்றத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தால் உங்களுடையது முழுத் தள்ளுபடி அல்ல. டெக்சஸில் 'டிஃபர்டு அட்ஜுடிகேஷன்' (தீர்ப்பைத் தள்ளிவைத்துக் கண்காணிப்பில் வைப்பது) முடித்தவருக்கும், கலிஃபோர்னியாவில் தண்டனைக்குப் பிறகு தண்டனைச் சட்டத்தின் 1203.4 பிரிவில் நிவாரணம் பெற்றவருக்கும் பேச்சுவழக்கில் 'டிஸ்மிஸ்' தான். சட்டத்தின் கண்ணில் அது வேறு.

அப்ளிகேஷனில் கேள்வியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். 'கன்விக்ட் ஆனதுண்டா' (குற்றவாளி என்று தீர்ப்பானதுண்டா) என்று மட்டும் கேட்டால், முழுமையாகத் தள்ளுபடியான கேஸுக்கு 'இல்லை' என்பதே உண்மையான பதில். கேட்காததை வலிய எழுத வேண்டாம். 'கைதானதுண்டா, குற்றம் சாட்டப்பட்டதுண்டா' என்று கேட்டால் 'ஆம்' போட்டு நகலை இணையுங்கள். இங்கே பொய் சொன்னால், கேஸைக் காட்டி மறுக்க முடியாதவர்கூடப் பொய்யைக் காட்டி மறுத்துவிடலாம்.

விளக்கக் கடிதம் கேட்டால் நான்கு வரி போதும்: 'கேஸ் எண் இது. 2021 மார்ச்சில் பதிவானது. எல்லாப் பிரிவுகளும் 2021 செப்டம்பரில் தள்ளுபடியாயின. கோர்ட் நகல் இணைத்துள்ளேன்.' யார் யாரை அடித்தது, யார் போலீஸைக் கூப்பிட்டது என்ற கதையை எழுதினால் படிப்பவர் மனதில் அதுதான் நிற்கும்.

இனி சட்டம். 1970-இல் வந்த ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டப்படி, தண்டனையில் முடியாத கைதையும் குற்றச்சாட்டையும் 7 ஆண்டுக்கு மேல் வாடகை ரிப்போர்ட்டில் காட்டக்கூடாது. தண்டனைக்கு அந்த வரம்பு கிடையாது. 7 ஆண்டை எப்போதிலிருந்து எண்ணுவது? 'தள்ளுபடியான நாளிலிருந்து' என்று ஒரு ஸ்கிரீனிங் கம்பெனி வாதாடிப் பார்த்தது. குற்றச்சாட்டு பதிவான நாளிலிருந்தே எண்ணவேண்டும் என்று ஒன்பதாம் சர்க்யூட் கோர்ட் (மேற்கு மாநிலங்களுக்கான மத்திய மேல்முறையீட்டு கோர்ட்) 2019-இல் சொல்லிவிட்டது. பழைய பதிவுகளைக் காட்டியது உள்ளிட்ட புகார்களுக்காக வாடகை ஸ்கிரீனிங் ரிப்போர்ட் தரும் ஆப்ஃபோலியோ நிறுவனம் 2020-இல் 42.5 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

7 ஆண்டுக்குள் இருக்கும் கேஸ் என்றால் நீங்கள் இருக்கும் இடம்தான் தீர்மானிக்கும். நியூ ஜெர்சியில் 2022 முதலும், நியூயார்க் நகரில் 2025 முதலும், தண்டனையில் முடியாத கேஸை வைத்து வீடு மறுக்கத் தடை இருக்கிறது. உரிமையாளரே குடியிருக்கும் சிறு கட்டடங்களுக்கு விலக்கு உண்டு. கலிஃபோர்னியா, ஓரிகன் மாநிலங்களிலும் இதுபோன்ற பாதுகாப்பு உண்டு. ஆனால் கேஸ் இன்னும் நிலுவையில் இருந்தால் சில இடங்களில் இதையெல்லாம் அப்படியே நம்ப முடியாது. வெறும் கைதை வைத்து மறுக்கக்கூடாது என்று மத்திய வீட்டுவசதித் துறை 2016-இல் வெளியிட்டதை இன்னும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அது வழிகாட்டுதல்தான், சட்டமல்ல. 2025-இல் அது திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

மறுத்துவிட்டால்? ரிப்போர்ட்டை வைத்து மறுத்தவர் 'அட்வெர்ஸ் ஆக்‌ஷன்' என்ற மறுப்பு நோட்டீஸ் தரவேண்டும். அதில் ஸ்கிரீனிங் கம்பெனியின் பெயர், முகவரி, தொலைபேசி எண் இருக்கும். 60 நாளுக்குள் கேட்டால் ரிப்போர்ட் இலவசம். தவறு இருந்தால் டிஸ்பொசிஷன் நகலோடு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். அவர்கள் 30 நாளில் சரிபார்க்க வேண்டும், சில சூழலில் 45 நாள் ஆகலாம். அந்த வீடு அதுவரை காத்திருக்காது, அதுதான் நிஜம். அதனால் அதே நகலை அன்றே பிராப்பர்ட்டி மேனேஜருக்கும் அனுப்பி மறுபரிசீலனை கேளுங்கள். ஒரு கம்பெனியில் திருத்தியது இன்னொன்றுக்குத் தானாகப் போகாது என்பதையும் நினைவில் வையுங்கள். வீடு தேடத் தொடங்கும்போதே 'எந்த ஸ்கிரீனிங் கம்பெனி வைத்திருக்கிறீர்கள்' என்று லீசிங் ஆபீசில் கேட்டு, உங்கள் ஃபைலை முன்கூட்டியே வரவழைப்பது புத்திசாலித்தனம்.

பதிவையே சீல் செய்ய (பொதுப்பார்வையிலிருந்து மறைக்க), அல்லது எக்ஸ்பஞ்ச் செய்து அழிக்க வழி இருந்தால் செய்துவிடுங்கள். நியூயார்க்கில் தள்ளுபடியான கேஸ் பொதுவாகத் தானே சீல் ஆகிவிடும், பென்சில்வேனியாவில் 2018 கிளீன் ஸ்லேட் சட்டம் அந்த வேலையைச் செய்கிறது. பல மாநிலங்களில் மனு போட்டால்தான் நடக்கும். உத்தரவு வந்ததும் அதன் நகலை ஸ்கிரீனிங் கம்பெனிகளுக்கு நீங்களே அனுப்ப வேண்டும்.

ஒன்றே ஒன்று: விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் அழிப்பதற்கு முன் முத்திரையிட்ட நகல் மூன்று நான்கு எடுத்து வையுங்கள். சீல் ஆன கேஸையும் குடியுரிமைத் துறை கேட்கும். அழித்த பிறகு கிளர்க்கிடம் போனால் 'பதிவே இல்லை' என்பார்.