அம்மாவுடன் ஏப்ரலில் காஷ்மீர்: ஐந்து இரவுகளை எப்படிப் பிரிப்பது?

வணக்கம். முழங்கால் வலி உள்ள அம்மாவுடன் ஸ்ரீநகர், குல்மர்க், சோனமர்க், பஹல்காம் என நான்கு ஊர்களிலும் தங்க நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தினமும் பெட்டி கட்டி அவிழ்ப்பதிலேயே அவர் களைத்துப்போவார். சோனமர்க்கை இந்த முறை விட்டுவிடுங்கள். ஸ்ரீநகரில் மூன்று இரவு, பஹல்காமில் இரண்டு இரவு, அது போதும்.

குல்மர்க் ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. தான். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அங்குள்ள கொண்டோலா என்னும் கேபிள் காருக்கான டிக்கெட்டை ஊரிலிருந்தே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். முதல் கட்டம், அதாவது கொங்டூரி வரை போனாலே பனி கண் நிறையக் கிடைக்கும். இரண்டாம் கட்டம் கிட்டத்தட்ட 3,950 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. அங்கே மூச்சு வாங்கும், அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம்.

அப்புறம் படகு வீடு. ஸ்ரீநகரின் டால் ஏரியில் பெரும்பாலானவற்றுக்குச் சிகாரா என்னும் சிறு படகில் போய்த்தான் ஏற வேண்டும்; ஆடும் படகில் கால் வைத்து ஏறுவது வலிக்கும் முழங்காலுக்குப் பெரிய சோதனை. நிகீன் ஏரியில் கரையிலிருந்தே நடந்து ஏறக்கூடியவை உண்டு. முன்பதிவுக்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பஹல்காமில் ஆரு, பேதாப் பள்ளத்தாக்குகளுக்கு உள்ளூர் டாக்ஸிதான் பிடிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவைத் தனியாக வையுங்கள். எந்தெந்த இடங்கள் திறந்திருக்கின்றன என்று கிளம்புமுன் விசாரியுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, ஒரு போஸ்ட்பெய்டு இணைப்பாவது கையில் இருக்கட்டும்.