காய்ச்சலே வராத பையனுக்கு டெங்கு பாசிட்டிவா?

கேள்வி: நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். கணவர் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்புவரை சேலம் அம்மாபேட்டையில் குடியிருந்தோம். மகனுக்கு எட்டு வயது, மூன்றாவது படிக்கிறான். அவன் பள்ளிக்கு ஒரு மருத்துவக் குழு வந்து, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிள்ளைகளிடம் ரத்தம் எடுத்துப் போனார்கள். அப்புறம் ஒரு தாள் வந்தது. அதில் ‘டெங்கு ஐஜிஜி பாசிட்டிவ், 24’ என்று இருக்கிறது. வேறு ஒரு வரி விளக்கம் இல்லை. அவனுக்கு டெங்கு வந்ததே கிடையாது. சளிக் காய்ச்சலைத் தாண்டி எதுவும் பார்த்ததில்லை. ‘ரெண்டாவது தடவை வந்தா உசுருக்கே ஆபத்து’ என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். ஏதாவது மருந்து கொடுக்க வேண்டுமா? ஏழு மாதப் பாப்பாவுக்கும் லேபில் கொடுத்துப் பார்த்துவிடலாமா? அடுத்த வருடமும் ரத்தம் எடுக்க வருவார்களாம். மாமியார் கூடவே கூடாது என்கிறார். என்ன செய்வது?
(வாசகி, ஏற்காடு)

பதில்: முதலில் பையன் விஷயம். அவனுக்கு இப்போது டெங்கு இல்லை. அந்தத் தாள் சொல்வது பழைய கதை. பெரும்பாலும், எப்போதோ டெங்கு வைரஸ் அவன் உடம்புக்குள் போயிருக்கிறது, உடம்பு அதை அடக்கியிருக்கிறது, அப்போது உண்டான எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) இன்னும் ரத்தத்தில் இருக்கிறது. மருந்து வேண்டாம். மறுபடி லேபுக்குப் போக வேண்டாம். வழக்கம்போலப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

டெங்கு வந்ததே இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதும் பொய்யில்லை. டெங்கு தொற்றும் நான்கு பேரில் சுமார் மூன்று பேருக்கு ஒன்றுமே தெரியாது, அல்லது இரண்டு நாள் உடம்பு சுடும், அதோடு சரி. குழந்தைகளில் இது இன்னும் சகஜம். நீங்கள் சளிக் காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் கொடுத்த ஏதோ ஒன்று டெங்குவாகவே இருந்திருக்கலாம்.

ஐஜிஎம், ஐஜிஜி என்ற இரண்டு வகை எதிர்ப்பொருளையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஐஜிஎம் புதுத் தொற்றில் வருவது. டெங்குவில் காய்ச்சலின் நான்கு ஐந்து நாளில் தலைகாட்டி, இரண்டு மூன்று மாதத்தில் மறையும். ஐஜிஜி கொஞ்சம் தாமதமாக வந்து, பல வருடம் தங்கிவிடும். காய்ச்சல் அடிக்கும்போது டெங்குதானா என்று பார்க்க முதல் ஐந்து நாளில் என்எஸ்1 (வைரஸின் புரதத்தையே தேடும் சோதனை), அதன் பிறகு ஐஜிஎம். முன்பு எப்போதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க ஐஜிஜி. உங்கள் மகனுக்குப் பார்த்தது இந்தக் கடைசி வகை.

அந்த 24ஐப் பார்த்தும் பதற வேண்டாம். பிள்ளைகளிடம் எடுத்த ரத்தத்தைச் சுழல் கருவியில் போட்டால் சிவப்பணுக்கள் அடியில் தங்கி, மேலே வெளிர்மஞ்சளாக சீரம் பிரியும். அதை ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே 96 குழிகள் உள்ள, உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருக்கும். ஒவ்வொரு குழியின் அடியிலும் டெங்கு வைரஸின் பாகங்களை ஒட்டிவைத்திருப்பார்கள். அதில் ஒரு பிள்ளையின் சீரத்தைக் கொஞ்சம் நீர்க்கச் செய்து விடுவார்கள். டெங்கு எதிர்ப்பொருள் இருந்தால் அது அடியில் பிடித்துக்கொள்ளும். கழுவி, அடுத்தடுத்த திரவங்களை ஊற்றினால் அந்தக் குழி நீலமாகும். கடைசியில் அமிலம் சேர்த்ததும் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்று கருவி அளந்து சொல்வதுதான் அந்த எண். பரவலாகப் பயன்படும் ஒரு கிட்டில் 11க்கு மேல் பாசிட்டிவ், 9க்குக் கீழ் நெகட்டிவ், இடையில் இருந்தால் சந்தேகம். உங்கள் பையனின் 24 கோட்டைத் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். 40 வந்த பிள்ளைக்கு ஆபத்து அதிகம், 12 வந்த பிள்ளைக்குக் குறைவு என்று அர்த்தமில்லை.

சரி, நோயில்லாத பிள்ளைகளிடம் எதற்கு ரத்தம் எடுக்கிறார்கள்? ஆஸ்பத்திரிக் கணக்கில் ஏறுவது, காய்ச்சல் முற்றி வந்து, பரிசோதனையும் செய்துகொண்ட நோயாளிகள் மட்டும்தான். வீட்டிலேயே சரியானவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை கொரோனா காலத்தில் பார்த்தோம். 2020 மே, ஜூனில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நாடு முழுவதும் நடத்திய முதல் எதிர்ப்பொருள் கணக்கெடுப்பில், பதிவான ஒவ்வொரு நோயாளிக்கும் 82 முதல் 130 பேர் வரை தொற்றியிருக்கலாம் என்று தெரிந்தது. 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காவது சுற்றில் குழந்தைகளையும் சேர்த்தார்கள். 6 முதல் 9 வயதில் 57.2 சதவீதம், 10 முதல் 17 வயதில் 61.6 சதவீதம் பாசிட்டிவ். அப்போது சிறுவர்களுக்குத் தடுப்பூசியே தொடங்கவில்லை. ஆக, அத்தனையும் தொற்றினால் வந்தது. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த காலத்திலேயே இந்த நிலை!

பெரியவர்களை விட்டுவிட்டுக் குழந்தைகளைத் தேடிப் போவதற்கும் காரணம் உண்டு. அறுபது வயதுக்காரர் பாசிட்டிவ் என்றால் அவருக்குத் தொற்றியது போன வருடமாகவும் இருக்கலாம், எம்ஜிஆர் ஆட்சிக்காலமாகவும் இருக்கலாம். ஆறு வயதுப் பிள்ளை பாசிட்டிவ் என்றால் கடந்த ஆறு வருடத்துக்குள் இந்த வைரஸ் உலவியிருக்கிறது என்பது நிச்சயம். பிள்ளையின் வயதே காலத்தைச் சொல்லிவிடுகிறது. 2017-18இல் ஐசிஎம்ஆர் 15 மாநிலங்களின் 60 மாவட்டங்களில் டெங்குவுக்கு இப்படிப் பார்த்தது. 5 முதல் 8 வயதில் 28.3 சதவீதம், 9 முதல் 17 வயதில் 41 சதவீதம், 18 முதல் 45 வயதில் 56.2 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. வயது ஏற ஏற எண்ணும் ஏறுகிறது. இதிலிருந்து ஒரு தோராயக் கணக்குப் போடலாம்: அதுவரை தொற்றாத நூறு பிள்ளைகளில் வருடத்துக்கு நான்கைந்து பேருக்குப் புதிதாகத் தொற்றியிருக்கிறது. தென் மாநிலங்களில் எல்லா வயதும் சேர்த்து 76.9 சதவீதம். ஆகவே உங்கள் மகன் தனி ஆள் இல்லை. உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் இதே சோதனை செய்தால் இரண்டு பேருக்கும் பாசிட்டிவ் வரவே வாய்ப்பு அதிகம். அதற்காகப் போய் எடுத்துப் பார்க்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு முக்கியமான தகவல் இருக்கிறது. ஐந்தாறு வயதுவரை பையன் அம்மாபேட்டையில் இருந்திருக்கிறான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, வீட்டோடு ஒட்டி வாழ்வது. குழாய்த் தண்ணீர் தினமும் வராத தெருக்களில் குடமும் டிரம்மும் சிமென்ட் தொட்டியும் எப்போதும் நிரம்பியே இருக்கும். மூடாமல் விட்டால் ஒரே வாரத்தில் புழு கொசுவாகிவிடும். மலைமேல் குளிரில் கொசுவும் மெதுவாக வளரும், கொசுவுக்குள் வைரஸும் மெதுவாகப் பெருகும். ஆனால் 1,500 மீட்டர் உயரம் என்பது டெங்கு எட்டாத உயரம் இல்லை. மரஞ்செடி அடர்ந்த இடத்தில் வாழும் இன்னொரு ஏடிஸ் வகையும் இருக்கிறது. அதனால் உங்கள் மகனுக்குத் தொற்றியது சேலத்திலா, ஏற்காட்டிலா, விடுமுறைக்குப் போன பாட்டி ஊரிலா என்று அந்தத் தாளை வைத்துச் சொல்லவே முடியாது.

இது உங்களுக்கு மட்டுமல்ல, கணக்கெடுப்பவர்களுக்கும் தலைவலி. ஏற்காட்டுப் பள்ளிகளில் கீழேயிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. மலைக்கிராமத்துப் பிள்ளைகள் உண்டு. எஸ்டேட் வேலைக்காக வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்து ‘ஏற்காட்டில் இத்தனை சதவீதம்’ என்று போட்டால் அது ஏற்காட்டின் எண்ணாக இருக்காது. கடந்த சில வருடங்கள் எங்கெங்கே இருந்தீர்கள் என்று படிவத்தில் கேட்டிருந்தால் நல்ல குழு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கே வராத பிள்ளைகளை விட்டுவிடுவதும் பள்ளிக் கணக்கெடுப்பில் உள்ள குறை. வீடுவீடாகப் போவதுதான் நல்லது. செலவு அதிகம், கால்வலியும் அதிகம்.

பாசிட்டிவ் என்று வந்தாலே நூறு சதவீதம் உண்மை என்றும் இல்லை. டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஜிகா எல்லாம் ஒரே குடும்பத்து வைரஸ்கள். ஒன்றின் எதிர்ப்பொருள் மற்றொன்றின் சோதனையிலும் ஒட்டிக்கொள்ளும். மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்ட பிள்ளைக்கும் சில சமயம் இப்படிக் காட்டும். அது போக, ஒரு சோதனை தொற்றாத நூறு பேரில் மூன்று பேரைத் தவறாகப் பாசிட்டிவ் என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் நூறு பிள்ளைகளில் ஐந்தே பேருக்குத் தொற்றிய ஊரில் சுமார் எட்டுப் பேர் பாசிட்டிவ் ஆவார்கள். எட்டில் மூன்று பொய். எத்தனை பொய் என்று தெரிந்தால் ஊர்க் கணக்கில் அதைக் கழித்துவிடலாம். எந்த மூன்று பிள்ளை என்றுதான் தெரியாது. இந்தச் சோதனை ஊரை அளப்பதற்கு என்று நான் சொல்வது இதனால்தான். விளக்கம் இல்லாமல் ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் அச்சடித்து வீட்டுக்கு அனுப்பியது எனக்குப் பிடிக்கவில்லை. அனுப்புவதானால் நான்கு வரி தமிழில் எழுதி அனுப்பியிருக்க வேண்டும்.

இனி பக்கத்து வீட்டார் சொன்னது. அதில் பாதி உண்மை. டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு நீண்ட காலப் பாதுகாப்பு கிடைக்கும். வேறு வகை இரண்டாவதாக வரும்போது, பழைய எதிர்ப்பொருளே சில பேரிடம் வைரஸ் உடம்பின் செல்களுக்குள் நுழைய வழிசெய்துவிடுகிறது. கடுமையான டெங்கு வரும் வாய்ப்பு அப்போது கூடுகிறது. ஆனாலும் இரண்டாம் தடவை தொற்றுபவர்களில் மிகப் பெரும்பாலானோர் நல்லபடியாகத் தேறிவிடுகிறார்கள். முதல் தடவையிலேயே கடுமையாவதும் உண்டு. ஆகவே தாளில் என்ன இருந்தாலும், எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றேதான்.

அதைச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றும் கூடாது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓஆர்எஸ், கஞ்சி, இளநீர், எது இறங்குகிறதோ அதை அடிக்கடி கொடுங்கள். டெங்குவில் ஏமாற்றும் நேரம் காய்ச்சல் விடும் நேரம்தான். மூன்றாம் நாளுக்கு மேல் சூடு தணிந்ததும் ‘சரியாகிவிட்டது’ என்று பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து பிள்ளை துவளுவது அந்த ஒன்றிரண்டு நாளில்தான். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, கூப்பிட்டால் சரியாகப் பார்க்காமல் சோர்ந்து கிடப்பது அல்லது காரணமில்லாமல் முரண்டுவது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. மலையில் இருக்கும் உங்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். இருட்டும்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ராத்திரியில் வண்டி தேடி, கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளையை இறக்கிக்கொண்டு போவதைவிட, பகலிலேயே ஏற்காடு அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். தேவைப்பட்டால் அவர்கள் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அப்போது அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள். பழைய தொற்று உண்டு என்று தெரிந்தால் டாக்டர் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருப்பார்.

ஐஜிஜி முடிவு தனிப்பட்ட பிள்ளைக்கு நிஜமாகவே முக்கியமாகும் இடம் ஒன்று உண்டு. பிலிப்பைன்ஸில் 2016இல் பள்ளிகள் மூலம் டெங்வாக்ஸியா என்ற டெங்கு தடுப்பூசியை எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டார்கள். முன்பே டெங்கு வந்த பிள்ளைகளுக்கு அது நன்மை செய்தது. ஒரு தடவைகூட வராத பிள்ளைகளுக்கோ, பிற்பாடு தொற்றியபோது நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடியது. 2017 நவம்பரில் கம்பெனியே இதை அறிவிக்க, திட்டம் நின்றது. அதன் பிறகு அந்த ஊசிக்கு முன் ஐஜிஜி பார்ப்பது கட்டாயம் என்றானது. ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு ஏற்கெனவே வந்திருக்கிறது என்பது தெரியாமல் தடுப்பூசித் திட்டம் போடக்கூடாது என்று உலகமே கற்றுக்கொண்டது அப்போதுதான்.

பாப்பாவுக்கு லேப் வேண்டவே வேண்டாம். ஏழு மாதக் குழந்தையின் ரத்தத்தில் இருக்கும் ஐஜிஜி பெரும்பாலும் உங்களுடையது. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி வழியாக வந்தது, ஒரு வயதுக்குள் கரைந்துவிடும். பாசிட்டிவ் வந்தால் அது உங்கள் பழைய டெங்குவைக் காட்டும். கணக்கெடுப்புகளில் கைக்குழந்தைகளைப் பெரும்பாலும் சேர்க்காததும் இதனால்தான். ஆனால் அம்மாவின் எதிர்ப்பொருள் குறைந்துவரும் இந்த வயதில் முதல் தொற்றே சில குழந்தைகளுக்குக் கடுமையாவது உண்டு. அதனால் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே காட்டுங்கள். பகலில் தூங்கும்போதும் கொசுவலை போடுங்கள். அந்த லேப் காசில் டிரம்முக்கு நல்ல மூடி வாங்கலாம்.

அடுத்த வருட ரத்தத்துக்கு நான் சம்மதம் என்றுதான் சொல்வேன். எடுப்பது ஒரு தேக்கரண்டி அளவுக்குள். எட்டு வயதுப் பிள்ளைக்கு உடம்பில் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் ரத்தம் ஓடுகிறது என்று மாமியாரிடம் சொல்லுங்கள். அதே பிள்ளைகளை மறுபடி பார்க்கும்போதுதான் போன வருடம் நெகட்டிவாக இருந்த எத்தனை பேர் புதிதாகப் பாசிட்டிவ் ஆனார்கள் என்று தெரியும். ஏற்காட்டிலேயே டெங்கு பரவுகிறதா என்ற கேள்விக்கு அதுதான் நேரடிப் பதில். கையெழுத்துப் போடுமுன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தெந்த வைரஸுக்குப் பார்க்கிறார்கள்? மீதி சீரத்தை என்ன செய்வார்கள்? முடிவை விளக்க யார் வருவார்கள்? தட்டம்மைக்கும் பார்ப்பதாகச் சொன்னால், அதில் பாசிட்டிவ் வருவது நல்லது. பெரும்பாலும் தடுப்பூசி வேலை செய்திருக்கிறது என்று பொருள். ஐசிஎம்ஆர் விதிப்படி ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடமும் ‘உனக்குச் சம்மதமா’ என்று கேட்க வேண்டும். உங்கள் மகன் ஊசிக்குப் பயந்து வேண்டாம் என்று சொன்னால், நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அவனை வற்புறுத்தக் கூடாது.