அளவெடுக்கும் மென்பொருள் வாங்கலாமா?

கேள்வி: மதுரையில் தனி வீடுகள் கட்டித் தரும் சிறிய கான்ட்ராக்டர் நான். பிளானில் ஸ்கேல் வைத்து அளந்து, எக்செலில் போட்டு எஸ்டிமேட் தருகிறேன். ஒரு வீட்டுக்கு இரண்டு நாள் போய்விடுகிறது. பிளானை ஏற்றினால் ஏஐ சில நிமிடத்தில் அளவெடுத்துவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அளவெடுக்க என்றால் வாங்கலாம். பிளான்ஸ்விஃப்ட், புளூபீம் போன்றவற்றில் பி.டி.எஃப். பிளான் மீதே நீளம், பரப்பு, எண்ணிக்கை எடுத்துவிடலாம். நேரம் நிச்சயம் மிச்சமாகும். ஆனால் எஸ்டிமேட் பெரும்பாலும் சறுக்குவது அளவில் அல்ல, அளவெடுக்கும் விதியிலும் ரேட்டிலும்தான்.

முதலில் பிளானின் ஸ்கேல், அதாவது வரைந்த அளவுக்கும் நிஜ அளவுக்கும் உள்ள விகிதம். ஏ1 தாளுக்கு வரைந்த பிளானை ஏ3-இல் சுருக்கி ஸ்கேன் செய்து அனுப்பியிருப்பார்கள். மூலையில் 1:100 என்றே இருக்கும், உண்மையில் அது 1:200. அப்படியே அளந்தால் நீளம் பாதியாகும், பரப்பு கால்வாசியாகும். இவ்வளவு பெரிய பிழை கண்ணில் பட்டுவிடும். ஸ்கேனில் ஒரு பக்கம் மட்டும் லேசாக இழுபட்டிருந்தால் படாது. அதனால் அளவு எழுதியிருக்கும் இரண்டு கோடுகளை, குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று, அளந்து பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். இன்ஜினியரிடம் கம்ப்யூட்டரில் வரைந்த மூல கேட் (CAD) ஃபைலையே கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. ஏஐயும் அதிலிருந்து எடுத்த பி.டி.எஃப்.பைத்தான் ஒழுங்காகப் படிக்கும். போனில் எடுத்த படத்தில் தடுமாறும்.

அடுத்தது பூச்சு வேலை. நான் அதிகம் கவனிக்கச் சொல்வது இதைத்தான். மென்பொருள் கதவு, ஜன்னல் இடத்தைச் சுவரின் இரண்டு பக்கமும் கழித்துவிடும். கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1200 விதிப்படி 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவே கிடையாது. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். கழிக்காமல் விடும் மறுபக்கம், திறப்பின் ஓரங்களைப் பூசுவதற்கு ஈடு. மூன்றுக்கு ஏழு அடிக் கதவு ஒன்றுக்கே 21 சதுர அடி வித்தியாசம். பத்துக் கதவு, ஜன்னல்களும் சேர்ந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்! உங்கள் கொத்தனாரோடு வேறு பேச்சு என்றால், அந்த முறையையே மென்பொருளில் அமைத்துக்கொள்ளுங்கள். அளவு அவருக்கு ஒரு மாதிரி, வீட்டுக்காரருக்கு ஒரு மாதிரி இருக்கக்கூடாது.

அப்புறம் ரேட். இதை எந்த மென்பொருளும் உங்களுக்காகச் செய்யாது. ஒரு கன மீட்டர் 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி விகிதம்) கான்கிரீட்டுக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட், 15 கன அடி எம்-சாண்ட், 30 கன அடி ஜல்லி என்று பொருளை அளவாக ஒரு ஷீட்டில் வையுங்கள். விலையைத் தனி ஷீட்டில் வையுங்கள். சிமென்டின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. பழைய வீட்டின் எக்செலையே காப்பி செய்து ஓட்டுபவர்கள் அந்த மாற்றத்தைத் தவறவிட்டிருக்க வாய்ப்பு அதிகம். விலை ஒரே இடத்தில் இருந்தால் ஒரு கட்டத்தை மாற்றினால் போதும். கம்பியின் எடைக்கு, எம்.எம்.-இல் உள்ள அதன் விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுக்கும் பழைய கணக்கே போதும்: 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ.

பணம் கட்டும் முன் இலவச சோதனைக் காலத்தில், நீங்கள் கட்டி முடித்து பில் செட்டிலான ஒரு வீட்டின் பிளானை ஏற்றிப் பாருங்கள். செங்கல், கான்கிரீட், பூச்சு மூன்றையும் உங்கள் அளவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எங்கே விலகுகிறது, ஏன் விலகுகிறது என்று உங்களால் சொல்ல முடிந்தால் வாங்குங்கள். சொல்ல முடியவில்லை என்றால் இப்போதைக்கு எக்செலே போதும்.