விளையாட்டில் திறமையுள்ள பிள்ளை எந்தக் கல்லூரிக்குப் போவது என்பதை வீடு எவ்வளவு தூரம் தீர்மானிக்கிறது?

உங்கள் தம்பி வடமராட்சி கிழக்கிலுள்ள ஊர்ப் பாடசாலையில் படித்து, தட்டெறிதலில் மாகாணமட்டப் பதக்கம் பெற்று, இப்போது சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்திருக்கிறார் என்று எழுதியுள்ளீர்கள். உயர்தரத்துக்கு அவரைப் பருத்தித்துறைக்கு அனுப்புவதா, ஊரிலேயே வைத்திருப்பதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அப்பா மேசன் வேலை செய்பவர். பிள்ளையின் திறமை தீர்மானிக்க வேண்டிய ஒன்றை வீட்டு நிலைமை தீர்மானிப்பது நியாயமா என்பதே உங்கள் கேள்வி.

வலிகாமத்தில் உடற்கல்வி ஆசிரியராக நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் வீட்டைத் தவிர்த்துவிட்டு ஒரு விளையாட்டுப் பிள்ளையின் கல்லூரியைப் பற்றிப் பேசவே முடியாது. ஆனால் வீட்டு நிலைமை என்றவுடன் எல்லோரும் பணத்தையே நினைக்கிறார்கள். வறுமையால் மைதானத்தை விட்டுப் போன பிள்ளைகளைக் காட்டிலும், படித்த, வசதியுள்ள பெற்றோரால் மைதானத்திலிருந்து விலக்கப்பட்ட பிள்ளைகளையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

கல்லூரிக்கு முன்னரே பிள்ளை எந்த விளையாட்டுக்குப் போகும் என்பதையும் வீடுதான் முடிவு செய்துவிடுகிறது. அதாவது, வீடு எங்கே இருக்கிறது என்பது. கோலூன்றிப் பாய்தலுக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்படும் கோல்களும் தடித்த மெத்தையும் அதை அறிந்த பயிற்றுவிப்பாளரும் வேண்டும். இவற்றில் எதையும் ஒரு குடும்பம் தன் கைக்காசில் வாங்கிவிட முடியாது. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி, அளவெட்டி அருணோதயக் கல்லூரி, சாவகச்சேரி இந்துக் கல்லூரி போன்ற சில இடங்களில் அந்த வசதியும் மரபும் உருவானதால், அவற்றைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகள் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் அந்த வாய்ப்பைப் பெற்றார்கள். மகாஜனாவில் பயின்ற அனித்தா ஜெகதீஸ்வரன் பெண்களுக்கான கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையை மீண்டும் மீண்டும் புதுப்பித்தது அவருடைய உழைப்பின் பயன். அந்த உழைப்பு ஊன்றி நிற்க அங்கே ஒரு நிலமும் இருந்தது. அதே திறமையுடன் ஒரு பிள்ளை நெடுந்தீவில் பிறந்திருந்தால் கோலைக் கையால் தொடாமலே பள்ளிப்படிப்பை முடித்திருக்கக்கூடும். குருநகர், நாவாந்துறை, இளவாலை போன்ற கரையோர ஊர்களில் உதைபந்தாட்டம் வீட்டுக்கு வீடு இருப்பதால், அங்குள்ள பையன் சம்பத்திரிசியார் கல்லூரிக்கோ புனித ஹென்றியரசர் கல்லூரிக்கோ போவதை யாரும் பெரிய தீர்மானமாக எண்ணுவதில்லை. தகப்பனும் மாமனும் விளையாடிய இடத்துக்குப் பிள்ளையும் போகிறான்.

பணத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். கல்வி இங்கே இலவசம், விளையாட்டு இலவசமன்று. ஆணிச் சப்பாத்து, முட்டையும் மீனும் சேர்ந்த சாப்பாடு, கொழும்பில் சுகததாச அரங்கில் தேசியமட்டப் போட்டி என்றால் போய்வரும் செலவு, காயப்பட்டால் வைத்தியச் செலவு என்று எல்லாம் நாள்கூலி வாங்கும் குடும்பத்தின் மேல் விழுகின்றன. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் விலைகள் ஏறியபோது, பயிற்சிக்கு வெறும் தேநீரைக் குடித்துவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்ப்பது மிகவும் வேதனையாக இருந்தது. பெயர்பெற்ற கல்லூரிகளுக்கு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. சப்பாத்து, பயிற்றுவிப்பாளரின் கொடுப்பனவு, போட்டிக்குச் செல்லும் பேருந்து ஆகியவற்றை அவர்கள் ஏற்றுக்கொள்வது வழக்கம். ஊர்ப் பாடசாலையில் அந்தச் செலவு பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியரின் சட்டைப்பையிலிருந்தே போகிறது. ஆகவே உங்கள் குடும்பத்தைப் போன்றவர்களுக்குப் பெரிய கல்லூரியைத் தெரிவது ஆடம்பரமாகாது; வீட்டால் சுமக்க முடியாத செலவைச் சுமக்க இன்னொரு தோளைத் தேடுவதே அது.

அடுத்தது ஆசிரியர், வைத்தியர், அரச உத்தியோகத்தர் வீடுகள். இங்கே காசு ஓரளவு இருக்கிறது, நேரந்தான் இல்லை. பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளில் இருபது வயதுக்குட்பட்ட பிரிவு என்பது ஒரு பிள்ளை தன் உடலின் முழு வலுவை அடையத் தொடங்கும் காலம். அதே காலத்திலேயே உயர்தரப் பரீட்சையும் வருகிறது. விஞ்ஞான, கணிதப் பிரிவுப் பிள்ளை என்றால் பாடசாலை விட்டதும் ரியூட்டரி, சனி ஞாயிறும் ரியூட்டரி. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பகிரப்படுவதால், யாழ்ப்பாணத்துப் பிள்ளை தன் மாவட்டத்துப் பிள்ளைகளுடன்தான் கடுமையாக மோத வேண்டியிருக்கிறது. உயர்தரப் பெறுபேறுகளை ஒப்பிட்டுக் கணிக்கும் இசட் புள்ளியில் தசமதானத்துக்குப் பின்னால் வரும் ஓர் இலக்கம் மருத்துவபீட இடத்தை இல்லாமல் செய்துவிடும் என்று அஞ்சும் தாய், பிள்ளைக்குக் கல்லூரி தேடும்போது மைதானத்தைப் பார்ப்பதில்லை. முந்திய வருடப் பெறுபேற்றைப் பார்க்கிறார். அவருடைய பயத்தை நான் இகழவில்லை. இடம்பெயர்ந்து, வீடும் தொழிலும் போய், கையில் மிஞ்சியது படிப்பு மட்டுமே என்று கண்ட தலைமுறை அது. ஆனாலும் தரம் 11 வரை நூறு மீற்றரில் முதலாவதாக வந்த பிள்ளை, தரம் 12இல் வேறு கல்லூரிச் சீருடையில் வீதியில் என்னைக் கண்டு, “சேர், இப்ப ஓடுறேல்லை” என்று தலைகுனிந்து சொல்லும்போது எனக்கு ஏற்பட்ட துயரம் இன்றும் ஆறவில்லை.

படிப்பும் விளையாட்டும் ஒன்றையொன்று விழுங்கும் என்ற எண்ணம் இந்த மண்ணிலேயே பொய்யாகியிருக்கிறது. யாழ். மத்திய கல்லூரியில் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் உயரம் பாய்ந்தவர். 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விளையாட்டில் இலங்கையின் முதலாவது தங்கப்பதக்கத்தை வென்றவர். அவரே லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்து, பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அவரை உயர்த்திய பாய்ச்சலே அவருக்குப் படிப்பின் கதவையும் திறந்தது. இதை மாணவர்களுக்குச் சொல்கிறோம். பெற்றோருக்குத்தான் போதிய அளவு சொல்வதில்லை.

பெண் பிள்ளைகளின் விடயத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. பயிற்சி முடியும்போது பொழுது சாய்ந்துவிடும். வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையிலுள்ள வெறிச்சோடிய வீதியை நினைத்தே எத்தனையோ தாய்மார் அருகிலுள்ள பாடசாலையைத் தெரிகிறார்கள். தமையனோ தகப்பனோ மோட்டார் சைக்கிளில் வந்து அழைத்துப்போகும் வீட்டுப் பெண் தரம் 13 வரை ஓடுகிறாள். தகப்பன் இல்லாத, தாய் தனியே உழைக்கும் வீட்டுப் பெண் தரம் 10இலேயே நின்றுவிடுகிறாள். போருக்குப் பின்னர் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பெருகியிருக்கும் எமது மாகாணத்தில், மாலைப் பயிற்சிக்குப் பின் பிள்ளைகளை ஊரூராக இறக்கிவிடும் ஒரு வாகனம் எந்தக் கோப்பையையும் விடப் பெறுமதியானது என்று கூட்டங்களில் நான் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறேன்.

வெளிநாட்டில் உறவினர் உள்ள வீடுகளில் அமெரிக்காவின் விளையாட்டுப் புலமைப்பரிசிலைப் பற்றிப் பேச்சு எழும். அங்கும் எல்லாப் பல்கலைக்கழகங்களும் விளையாட்டுக்காகப் பணம் கொடுப்பதில்லை. ஹாவார்ட், கோர்னெல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் அங்குள்ள கல்லூரி விளையாட்டு அமைப்பில் மூன்றாம் பிரிவைச் சேர்ந்த கல்லூரிகளும் விளையாட்டுப் புலமைப்பரிசில் வழங்குவதில்லை. பெறுபேறும் ஆங்கிலமும் அங்கேயும் கேட்கப்படும். தம்பிக்கு இப்போது இந்தப் பேச்சு தேவையில்லை.

உங்களுக்கு உடனடியாகத் தேவையானது வேறு. கல்லூரி பற்றிய முடிவு அனுமதிக் கடிதம் வரும் நாளில் எடுக்கப்படுவதாக நீங்கள் நினைக்கக்கூடும். உண்மையில் அது சாதாரண தரப் பரீட்சை முடிந்து உயர்தர வகுப்பு தொடங்கும் வரையுள்ள இந்த மாதங்களிலேயே எடுக்கப்படுகிறது. பரீட்சை முடிந்த கையோடு பையன் தகப்பனுடன் சாந்து குழைக்கப் போவான். முதற்கூலி கைக்கு வரும். வீட்டில் ஒரு கடன் அடைபடும். பிறகு அவனைப் பாடசாலைக்கு அனுப்புவது என்பது ஓர் உழைப்பாளியை வீடு இழப்பதாகிவிடுகிறது. தட்டெறிபவனுக்கு இந்த இடைவெளி இன்னும் கேடானது. சுழன்று வீசும் நுட்பம் பயிற்சியால் மட்டுமே உடலில் நிற்பது. அதைவிட, வயதுப் பிரிவு மாறும்போது தட்டின் நிறையும் கூடுகிறது. கூலி வேலையால் தோள் வலுவடையும் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். வேலையால் களைத்த தோளுடன் எறியப் போனால் காயந்தான் வரும்.

எனவே அப்பாவுடன் பேசும்போது திறமையைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். கிழமையில் எத்தனை நாள் தம்பி கூலிக்கு வரலாம், எந்த நாட்களில் பயிற்சி என்று பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். உழைத்துக் களைத்த மனிதருக்கு மகனின் பதக்கத்தில் பெருமை இல்லாமல் இல்லை. அது எங்கே கொண்டுபோய்விடும் என்று அவருக்கு யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான். பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டு போன்ற துறைகளில் விசேட திறமை காட்டியவர்களுக்கென ஒரு சிறு ஒதுக்கீடு உண்டு என்பதையும், அதற்கும் உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் சித்தி பெற வேண்டும் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். சப்ரகமுவ பல்கலைக்கழகத்திலும் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்திலும் விளையாட்டு விஞ்ஞானம் சார்ந்த பட்டப்படிப்புகள் உள்ளன. அவற்றுக்கான உளச்சார்புத் தேர்வுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். படித்த வீட்டில் அந்த அறிவித்தலை யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள். உங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு உங்களுடையது. மாகாணமட்டச் சான்றிதழ் முதற்கொண்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, பிரதி எடுத்து அத்தாட்சிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி எந்தக் கல்லூரி? எறிதல் நிகழ்ச்சிகளில் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரிக்கு நல்ல பெயர் உண்டு. சித்தி வீடு பருத்தித்துறையில் இருக்கிறது என்று எழுதியிருப்பதால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அங்கேயே அனுப்புவேன். ஆனால் கடிதம் கொடுப்பதற்கு முன் அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஒரு பின்னேரம் மைதானத்துக்குப் போங்கள். பயிற்றுவிப்பாளர் கிழமையில் எத்தனை நாள் வருகிறார், உயர்தரப் பிள்ளைகள் உண்மையிலேயே மைதானத்தில் நிற்கிறார்களா, தம்பி விரும்பும் பாடப்பிரிவின் வகுப்புகள் பயிற்சி நேரத்துடன் மோதுகின்றனவா, பயணச் செலவுக்குப் பழைய மாணவர் சங்கத்தின் உதவி கிடைக்குமா என்று நேரில் கேளுங்கள். சித்தியிடமும் சாப்பாட்டுச் செலவைப் பற்றிக் கூச்சப்படாமல் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பேசாமல் விட்ட செலவால் இடைநடுவில் வீடு திரும்பிய பிள்ளைகள் உண்டு. தம்பியை முதலில் இனங்கண்டு தட்டைக் கையில் கொடுத்த ஊர்ப் பாடசாலை ஆசிரியரிடம் சொல்லாமல் விலகல் பத்திரம் எடுக்க வேண்டாம். அவரே ஹாட்லியின் பயிற்றுவிப்பாளருடன் பேசி, தம்பியின் எறிதலில் எதைத் திருத்த வேண்டும் என்று சொல்லக்கூடியவர். உயர்தர வகுப்பு தொடங்கும் வரை ஊர் மைதானத்தில் பயிற்சியைத் தொடரவும் அவருடைய உதவிதான் வேண்டியிருக்கும்.