சர்க்கரை நோயாளி உபவாசம் இருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்து வருகிறேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்தில் மாலை வரை உண்ணாமல் இருந்து, பிறகு தானியேலைப் போலப் பழமும் காய்கறியும் மட்டும் சாப்பிட விரும்புகிறேன். அந்த நாட்களில் மாத்திரையை நிறுத்தலாமா? உபவாசம் இல்லாமல் இருந்தால் அது விசுவாசக் குறைவாகாதா?

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், அதைப் போட்டுக்கொண்டு மாலை வரை பட்டினியாகவும் இருக்க வேண்டாம். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து. நீங்கள் உண்டாலும் உண்ணாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும் என்பதால், வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். அவற்றை ஆவிக்குரிய போராட்டம் என்று எண்ணி ஜெபத்தில் தொடர்ந்து அமர்ந்திருப்பது ஆபத்தானது. உடனே 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்த்து, அன்றைய உபவாசத்தை அத்துடன் முடித்துவிட வேண்டும். மெட்ஃபார்மினை மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. இன்சுலின் போடுபவர்களுக்கோ மிக அதிகம்.

தானியேலின் உணவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேதாகமத்தின் தானியேல் புத்தகம் முதலாம் அதிகாரத்தில் அவரும் தோழர்களும் ராஜாவின் போஜனத்தை மறுத்து, 10 நாட்கள் பருப்பு முதலான மரக்கறிகளையும் தண்ணீரையும் உட்கொண்டார்கள். பத்தாம் அதிகாரத்தில் அவர் மூன்று வாரம் ருசியான உணவையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும் விலக்கினார். இரண்டு இடங்களிலும் பகல் முழுவதும் உண்ணாதிருந்ததாகச் சொல்லப்படவில்லை. அவருடைய முறையை விரும்பும் பலர் பருப்பை மறந்துவிட்டுப் பழச்சாற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதுதான் என் கவலை. நாள் முழுதும் வெறும் வயிற்றோடு இருந்துவிட்டு மாலையில் பழச்சாறு குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும். பயறு வகைகளும் காய்கறிகளும் நார்ச்சத்து மிகுந்தவை என்பதால் சர்க்கரையை மெதுவாகவே ஏற்றும். பழத்தைச் சாறாக்காமல், அளவோடு கடித்து உண்ணுங்கள்.

விசுவாசக் குறைவு என்ற உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஒரு விசுவாசியாகவும் பதில் சொல்ல விரும்புகிறேன். யவீருவின் மகளை உயிரோடு எழுப்பிய இயேசு, உடனே அவளுக்கு ஆகாரம் கொடுக்கச் சொன்னார் என்று மாற்கு 5:43 கூறுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையும் 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கே நோன்பை விதித்து, நோயுற்றவர்களுக்கு விலக்கு அளிக்கிறது. நம் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று பவுல் எழுதியதை உண்மையாக நம்புகிறவர், வேளை தவறாமல் அளவோடு உண்பதையும் கீழ்ப்படிதலாகவே கருதலாம்.

ஆகவே மூன்று வேளை உணவையும் வைத்துக்கொண்டு, இனிப்புகளையும் பொரித்தவற்றையும் இரண்டாம் முறை பரிமாறிக்கொள்வதையும் இந்த நாட்களில் விட்டுவிடுங்கள். தட்டில் பாதி காய்கறியாகவும், கால் பங்கு பருப்பு, முட்டை அல்லது மீனாகவும், எஞ்சிய கால் பங்கு தானியமாகவும் இருக்கட்டும். இதில் மிச்சமாகும் பணத்தைப் பசித்தவருக்குக் கொடுத்தால், ஏசாயா 58-ஆம் அதிகாரம் சொல்லும் உபவாசம் அதுவே.

ஒரு வேளை உணவையாவது விட வேண்டும் என்று மனம் வற்புறுத்தினால், லெந்து தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, அண்மைய சர்க்கரை அளவுகளுடன் உங்கள் மருத்துவரைச் சந்தியுங்கள். கிளிமிபிரைடின் அளவையோ வேளையையோ அவர் மாற்றித் தரக்கூடும். அவர் வேண்டாம் என்றால், அதைத் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ளுங்கள்.